யாரும் வரவில்லை என்பதற்கு ஒரு சாட்சி

தெருவில் அவருக்கு லாண்டரியம்மா என்று பெயர். கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்தினார். ஒருநாள் மத்தியானம் சுவருக்குள் ஓடிய பழைய ஒயர் பற்றிக்கொண்டது. துவைக்கும் மெஷின்கள் இரண்டும் கரிக்கட்டையாகின.

"நேரம் சரியில்லம்மா. அதான் இப்படி" என்று அண்ணன் போனில் சொன்னார்.

ஒயருக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் தெரியாது. தோல் பிய்ந்தால் எரியும். அதோடு போயிருந்தால் விபத்து. அதற்குப் பிறகு நடந்தது விபத்து இல்லை.

கடை மூடிக் கிடந்தால் வருமான இழப்பை ஈடுகட்டவும் சேர்த்துத்தான் அவர் இன்சூரன்ஸ் கட்டியிருந்தார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "நாங்க சொல்ற வரைக்கும் ஒரு ஆணியைக்கூட அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்குப் பதினொரு வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் லாண்டரியம்மா வழக்கமான நேரத்துக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, கருகிய மெஷின்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் நான்கு சுவர். கடையில் மூன்று சுவரும் ஒரு தெருவும்.

அதுவே வினையாயிற்று.

"ஷட்டர் தினமும் திறந்திருந்ததா எங்க ஆளு எழுதியிருக்காரும்மா" என்றார் இன்சூரன்ஸ் அதிகாரி. "திறந்த கடைக்கு என்ன வருமான இழப்பு? பாவம்னு பாத்து மூணு வாரத்துக்குப் போட்டுத் தரேன். கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிட்டுப் போங்க."

"பாவம் பாக்கச் சொல்லி நான் வரல சார். மெஷின் எரிஞ்சு கெடக்கு. எதுல துவைப்பேன்?"

"வெளிய குடுத்துத் துவைச்சு வாங்கித் தந்திருக்கலாமே. வியாபாரமே நடக்கலைங்கறதுக்கு சாட்சி உண்டா?"

"யாரும் வரலைங்கறதுக்கு, வராதவங்களையா கூட்டிட்டு வர முடியும்?"

தாமதம் செய்தவர்கள் அவர்கள். கணக்குக் கேட்பவர்களும் அவர்களே. தொண்ணூறு சதவீதம் பேர் இந்த இடத்தில் சலித்துப்போய்க் கையெழுத்துப் போடுவார்கள் என்று அந்த நாற்காலிக்குத் தெரியும். லாண்டரியம்மா போடவில்லை. அடுத்த வாரம் எதிர்க்கடை மருந்துக்கடைக்காரரோடு வந்து உட்கார்ந்தார்.

"கவுன்டர்ல நின்னா எனக்கு நேரா தெரியறது அக்கா கடைதான் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "காலைல ஷட்டரைத் தூக்குவாங்க. உக்காந்திருப்பாங்க. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல."

"நிச்சயமா?"

"மத்தியானம் டப்பாவைத் திறப்பாங்க, பாதி சாப்பிட்டு மூடிருவாங்க. சில நாள் பேசிட்டிருப்பாங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "வாடிக்கைக்காரங்ககூடயா?"

மருந்துக்கடைக்காரர் லாண்டரியம்மாவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "மெஷின்கூட சார்."

லாண்டரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். தான் வாய்விட்டுப் பேசியது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சரி, எட்டு வாரம்" என்றார் அதிகாரி, குரலைத் தணித்து.

"பதினொண்ணு. தொடாதேன்னது நீங்க."

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பதினொன்று என்று எழுதினார்.

"வேற கடைக்குப் போன வாடிக்கை திரும்ப வர்றதுக்கு?"

"அதுக்கு பாலிசில இடமில்லம்மா."

படித்துப் பார்த்துவிட்டுத்தான் லாண்டரியம்மா கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது கேட்டார்: "இவ்வளவு பாத்திருக்கியே தம்பி, ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்திருக்கலாமில்ல?"

"வந்து என்ன பேசறதுன்னு தெரியலக்கா."

"சட்டை துவைக்கணும்னு கேட்டிருக்கலாம்."

"எரிஞ்ச கடைலயா?"

"ஆமா. முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."