தள்ளி நின்று எடுக்கச் சொன்ன வின்சென்ட்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது வின்சென்ட்டின் மனைவி பிலோமினா அழைத்தார். "அவரு போயிட்டாரு, கோதை. இனிமே நீங்க புதன்கிழமை வர வேண்டாம்." வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். நான் இறங்கி, அவர்கள் வீடு இருக்கும் திருவெறும்பூருக்குப் பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலர், ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிக் கூடத்தில் நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் நடத்திய செல்போன் புகைப்பட வகுப்புக்கு வந்தவர்கள். படம் எடுப்பதை அவர் சொல்லிக்கொடுத்தார். எடுத்த படத்தைத் திருத்துவது என் வேலை. இறந்துபோனவரைச் சாந்தமானவர் என்று எழுதுவது வழக்கம். அவரிடம் திட்டு வாங்கிய உங்களிடம் அது செல்லாது.

போனில் எத்தனை லென்ஸ் இருந்தாலும் அவர் கணக்கில் மூன்றுதான். இடத்தையும் கூட்டத்தையும் எடுக்க ஒன்று என்கிற பொத்தான், உட்கார்ந்திருக்கும் ஆளை எடுக்க இரண்டு, முகத்துக்கு மூன்று. பாயின்ட் ஃபைவ் என்கிற அகல லென்ஸைக் கோபுரத்துக்கு மட்டும் அனுமதிப்பார். "மனுஷனுக்கு அதை வைக்காதீங்க. வச்சே ஆகணும்னா, பிடிக்காதவனை ஓரத்துல நிறுத்திட்டு வைங்க" என்பார். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அவருடைய மாதா கோயில் திருவிழாவில் பங்கு மக்கள் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனரைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து வரிசையின் கோடியில் நிறுத்தினார். அந்தப் படத்தில் மைத்துனரின் தலை பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காய் போல இருந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கோயில் மண்டபத்துக்கு இவரே அன்பளிப்பாகக் கொடுத்தார். "இன்னும் மாட்டியிருக்கு, போய்ப் பாரு" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை வேறெதற்கும் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ஒருவர் தன் மகளை அழைத்து வந்தார். ஜாதகம் பொருந்தியும் படம் அனுப்பிய பிறகு எல்லா இடமும் தட்டிப்போகிறது என்றார். அந்தப் படங்களை அவரே தன் போனில் மிகக் கிட்டே நின்று எடுத்திருந்தார். வின்சென்ட் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"உங்க பொண்ணு மூக்கை நீங்களே பெருசாக்கி ஊரெல்லாம் அனுப்பியிருக்கீங்க."

"சார், குழந்தையை வச்சிண்டு இப்படிப் பேசலாமா?" என்றார் அப்பா.

"நான் பேசினேன். நீங்க அனுப்பினீங்க. எது மோசம்?"

பிறகு மூன்றில் வைத்து, ஆறேழு அடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்தார். அது மிக அழகான படம். அந்தப் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது லென்ஸ் பண்ற பொய்தானே, சார்?" என்றாள்.

"லென்ஸ் ஒண்ணும் பண்ணாதும்மா. நிக்கிற தூரம்தான் எல்லாம் பண்ணும். எதிர்ல உட்கார்ந்து பேசுறவன் இருக்குற தூரத்துல நான் நின்னேன். உங்கப்பா முத்தம் கொடுக்குற தூரத்துல நின்னுட்டாரு."

அவள் அழுதபடி படியிறங்கிப் போனாள். படத்தை அனுப்பச் சொல்லி அந்த வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை. "சொன்னது தப்பா?" என்றார் என்னிடம். சொன்னதில் தப்பில்லை என்றேன். மீதியை அவர் கேட்கவில்லை.

பிறகு வின்சென்ட்டுக்குத் தாடையில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம், வாரம் ஒருமுறை முகத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். பிலோமினா எடுத்து அனுப்பினார். வீக்கம் வாரத்துக்கு வாரம் குறைவதாகத் தெரிந்தது. பிலோமினா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். அக்கம்பக்கத்தில் கேசரி கொடுத்தார்.

வின்சென்ட் அந்தப் படங்களை ஒருநாள் வாங்கிப் பார்த்தார். படத்தில் அவருக்குப் பின்னாலிருந்த கதவுச் சட்டம் வளைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டார். காயம் நன்றாகத் தெரிய வேண்டுமென்று பிலோமினா போனை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோக, போன் தானாகவே அகல லென்ஸுக்கு மாறியிருக்கிறது. மூக்கு முன்னால் வந்து, தாடை பின்னால் ஒதுங்கிவிட்டது. ஒவ்வொரு வாரமும் பிலோமினா இன்னும் கொஞ்சம் கிட்டே போயிருக்கிறார். வீக்கமும் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

என்னை வரச் சொன்னார். நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு, நான் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டச் சொன்னார். "த்ரீ எக்ஸ். ஒரே இடம், ஒரே ஜன்னல் வெளிச்சம். என்னை அழகா எடுக்க வேண்டாம். அளவு மாறாம எடு." வார்த்தைகள் குழறின. தொனி மாறவில்லை.

புதன்கிழமைகளில் போய் அவருடைய போனிலேயே எடுத்தேன். சில வாரங்களில் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் நேரில் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, இனிமேல் வலிக்கு மட்டும் மருந்து என்றார்.

அன்று பிலோமினா என் பக்கம் திரும்பாமல் அவரிடம் கேட்டார்: "நான் எடுத்தப்போ குறைஞ்சுதே?"

"நீ எடுத்ததெல்லாம் பொய்."

"அந்தப் பொய்யிலதான் நான் தூங்கிட்டிருந்தேன். இப்ப உங்களுக்குத் திருப்தியா?"

அவர் என்னைப் பார்த்து, "அடுத்த புதன் வந்துடு" என்றார். அதன்பிறகு பிலோமினா எனக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். காப்பி கொடுப்பது நின்றுபோனது. சீக்கிரம் தெரிந்ததால் என்ன மாறியது என்று நீங்கள் கேட்கலாம். எதுவும் மாறவில்லை. அவர் முகம் கோணிக்கொண்டே போனது. நான் அந்த டேப்பில் நின்று எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு பிலோமினா அவருடைய போனை என்னிடம் நீட்டினார். "இதெல்லாம் புள்ளைங்க கண்ணுல படக் கூடாது. நீங்களே அழிச்சிடுங்க. எனக்குக் கை வரல."

கடைசிப் படத்திலிருந்து தொடங்கினேன். ஒன்றை அழித்தால் அதற்கு முந்தைய வாரத்துப் படம் வந்தது. வீக்கம் வற்றியது. கழுத்து தெரிந்தது. இழுத்துக்கொண்டிருந்த உதடு நேரானது. மூடிப்போன கண் திறந்தது. முதல் படத்தில், நான் டேப்பைத் தாண்டிக் கால் வைத்ததற்குத் திட்டத் தொடங்கியிருந்தார்.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமா?"

பிலோமினா எட்டிப் பார்த்தார். "வேண்டாம். அதுவும் நீங்க எடுத்ததுதானே."

அழித்துவிட்டுப் போனைக் கொடுத்தேன்.

அவருடைய படம் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது, என் விரலுக்குக் கீழே அவர் வாரம் வாரமாகக் குணமாகி வந்த அந்தச் சில நிமிடங்களைத்தான். நடந்தது அதற்கு நேர் எதிர் என்று, அவருக்கு அடுத்தபடியாக, எனக்குத்தான் தெரியும்.