நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர்

நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிரேக்கக்கா என்றால்தான் தெரியும். தரைக்கடியில் தோண்டிய கிணறுகளிலிருந்து வரும் எரிவாயு, குழாயில் நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடலாம் என்று வரம்பு கட்டுவது அவள் வேலை. வாயு தனியாக வந்தால் கவலையே இல்லை. அது மணலையும் வாரிக்கொண்டு வரும். வேகம் கூடினால் அந்த மணல், குழாய் வளைகிற இடத்தில் மோதி மோதி இரும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் ஐந்து மடங்குக்கு மேல் என்று பத்து வருடமாகக் கத்தியதில் அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வால்வைத் திருகுகிறவர்களுக்கு அவள் ஒரு முட்டுக்கட்டை, அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், இவன் ஒரு வேலையில் உட்காரட்டும் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் அதே நிலையத்தில் மூன்றாம் கிணற்றுக்கு ஆபரேட்டராகச் சேர்த்தும் விட்டாள். பாவி, உலகத்தில் வேறு இடமா இல்லை? மூன்றாம் கிணறுதான் இருப்பதிலேயே அதிகம் மணல் கக்குவது. தம்பி நாள் முழுக்க நிற்கிற இடத்துக்கு நான்கடி தள்ளித்தான் குழாயின் வளைவு. அவன் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாதென்று எட்டு மீட்டரில் இறுக்கிப் பிடித்தாள்.

மற்ற கிணறுகள் பதினொன்று, பன்னிரண்டு என்று பறக்க, அவன் கிணறு மட்டும் நொண்டியது. சாப்பாட்டு அறையில் தினமும் கேலி. அக்கா நடைவண்டி வாங்கிக் கொடுத்திருக்காங்க, பார்த்து ஓட்டுப்பா என்பார்கள். தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழாயோடு வந்து தொட்டியில் தேங்கும் மணலை வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, வடித்து, கழுவிக் காயவைத்து, எடை எழுதி அவளுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. எடை குறைந்தால் வரம்பு உயரும். இவன் ஞாயிற்றுக்கிழமையே முக்கால்வாசியை வடித்து வேலிக்குப் பின்னால் கொட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் நிறுத்தான். நான்கு கிலோ ஒரு கிலோவாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அக்கா பரிமாறினால் மறைக்கலாம்.

வேறு எவன் அனுப்பிய எடையாக இருந்தாலும் அவள் நேரில் போய்த் தொட்டியைத் திறக்க வைத்திருப்பாள். ஒருவரையும் நம்பாதது அவள் வழக்கம். ஆனால் இது தம்பியின் கையெழுத்தாயிற்றே! கிணறு அடங்கிவிட்டது, தம்பிக்கு இனி ஆபத்தில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பன்னிரண்டு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழாய்ச் சுவரின் கனத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அளப்பார்கள். அளக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது வளைவு பிளந்தது.

மணலோடு பீறிட்ட வாயு நேராக அவன் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயின. உயிர் இருந்தது.

மறுநாள் அவள் கிணற்றைச் சுற்றிப் பார்க்கப் போனாள். வேலிக்குப் பின்னால் இரண்டு மூட்டை தேறும் அளவுக்கு மணல், கழுவாமல், எண்ணெய்க் கறையோடு கிடந்தது. அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போட்ட கணக்கில் ஒரு புள்ளி தப்பில்லை. விசாரணையில் இதைச் சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடுவாள். தம்பி தொலைந்தான்.

ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் கட்டோடு கிடந்தவனிடம் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எவ்வளவுடா கொட்டின?"

அவன், "சொல்லிடாதக்கா. கண்ணும் இல்லாம வேலையும் இல்லாம நான் என்ன பண்ணுவேன்? நீ படிச்சவ, எங்க போனாலும் பொழச்சுக்குவ" என்றான். அவள் எழுந்து கதவருகே போனதும், "அம்மாகிட்டயும் வேண்டாம்" என்றான்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எடையெல்லாம் சரியென்றால் தப்பு எங்கே என்று கேட்டார்கள். "என் கணக்குலதான்" என்றாள். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல எழுதிக்கொண்டார்கள். வேலை போனது. அவள் எங்கே விண்ணப்பித்தாலும் அந்த ஒரு வரி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தம்பியை நிலையம் கைவிடவில்லை, தொலைபேசி அறையில் நாற்காலி போட்டுக் கொடுத்தது.

அம்மா அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. "கூடப் பொறந்தவன் கண்ணைப் புடுங்கிட்டியேடி" என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கூப்பிட்டான். அக்காதான் கூட்டிப்போனாள்.

தினமும் காலையில் அவன் கையைப் பிடித்து நிலையத்து வாசல்வரை விடுவதும் அவள்தான். உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை. போன வாரம் புதிதாக வந்த காவலாளி, கூட வந்திருப்பது யார் என்று அவனிடம் கேட்டார்.

"எங்கக்கா. கணக்கைத் தப்பாப் போட்டுட்டாங்கல்ல, அவங்கதான்" என்றான். குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "நான் மன்னிச்சுட்டேன்" என்றான்.

காவலாளிக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது. அவள் தம்பியின் கையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லித் திரும்பி நடந்தாள்.