பாதிச் சுருட்டும் ஒரு வாய் வெற்றிலையும்

கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் காணி கிடைத்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் என் கணவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது சுருட்டுப் பெட்டியை மட்டும்தான். ஒரு நாளைக்கு எட்டுச் சுருட்டு. வயல் வரம்பில் நின்று அவர் இருமினால் சமைத்துக்கொண்டு நிற்கிற எனக்குக் குசினிக்குள் கேட்கும்.

இருமலுக்கு மருந்து கொடுத்த அப்போதிக்கரி ஐயா சுருட்டை விடச் சொன்னார். "வயலை விடச் சொன்னாலும் விடுவன், இதை விடமாட்டன்" என்று இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினார். கத்துவதில் நானும் குறைந்தவள் இல்லை. இரண்டு கிழமை சண்டை பிடித்தேன். பெட்டியை ஒளித்தேன். ஒருநாள் வாய்க்காலில் எறிந்தும் பார்த்தேன். அவர் பக்கத்துக் காணிக்காரரிடம் வாங்கிப் பிடித்தார்.

விட மனமில்லாத ஆளை அரித்துப் பயனில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் விடவேண்டாம். பாதி பாதியாப் பத்துங்கோ" என்றேன். அதற்கு உடன்பட்டார். பாக்குவெட்டியால் சுருட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுப்பேன். மற்றப் பாதிக்கு மனம் அலைந்தால் வெற்றிலை மடித்து நீட்டுவேன். வெறும் வெற்றிலை அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் உள்ளே ஒரு துண்டுப் புகையிலை வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அது புகையிலை என்ற கணக்கிலேயே வராது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டத்தில் வைத்து மரியாதைக்கு நீட்டுகிற சாமானில் என்ன கெடுதல் இருக்கப் போகிறது?

இருமல் குறைந்தது. எட்டுச் சுருட்டு இரண்டாக இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றடியில் பெண்களுக்கெல்லாம் என் கெட்டித்தனத்தை அளந்தேன். புகையிலைத் துண்டு வரவரப் பெரிதாகிக்கொண்டு போனதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்தது. எரிகிறது என்று கறியைத் தள்ளி வைத்தார். உடம்புச் சூடு என்று நான் நல்லெண்ணெய் பூசினேன். மாறவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்குத்தர் டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்.

"புத்துநோய் மாதிரிக் கிடக்கு. வெத்திலையோட புகையிலையும் போடுறனீங்களோ? அதாலதான் வாறது. எப்ப தொடக்கம்?"

"இளந்தாரிக் காலத்தில இருந்து, ஐயா. நானாப் பழகினது" என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். டாக்குத்தர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது மறிச்சிருக்கலாமே, அம்மா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எத்தினை தரம் சொன்னனான், ஐயா. இவர் கேட்டால்தானே."

சொல்லும்போதே என் நாக்குக் கூசியது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

"ஓம், ஐயா. அவா சொன்னவாதான்."