விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை இருபத்தாறு வருஷம் கட்டி மேய்த்த அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வாயைத் திறந்தால் கிண்டல்தான். யாரையும் உட்காரவைத்து ஆறுதல் சொன்னவர் இல்லை.

செய்யாத கொலைக்கு ஒன்பது வருஷம் சிறையில் கிடந்த ஒருவரை அவர்தான் வேலைக்குச் சேர்த்தார். உண்மையான கொலையாளி பிடிபட்டு, நிரபராதி என்று நீதிமன்றமே சொல்லி அனுப்பிய மனிதர். பேப்பரில் வந்ததை எல்லோரும் படித்திருந்தார்கள். படித்து என்ன? புதியவர் பக்கத்தில் நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஜோடி கிடைக்காத புதியவர் மேஜையில் பரப்பித் தனியாகவே மடித்தார். தனியாக மடித்தால் கை பழைய இடத்துக்குப் போய்விடும். சிறையில் கம்பளியை மடிப்பதுபோல, ஓரங்களை உள்ளே இறுகச் செருகி, செங்கல் மாதிரி. பார்க்க அழகுதான். ஆனால் வார்டில் நர்ஸ் அதைப் பிரித்து முடிப்பதற்குள் நோயாளி ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக் கிடந்தார்.

புகார் மேலே போனது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஆளை அனுப்பிவிடுவேன் என்றார் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். பதினோரு இடத்தில் வேலை கேட்டு, பதினோரு இடத்திலும் இல்லை என்று கேட்ட பிறகுதான் புதியவர் இங்கே வந்திருந்தார். அன்று மத்தியானம் ஒரே விரிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, கோர்ட்டு உன்னை விட்டுடுச்சு. உன் கையை விட மறந்துட்டாங்க போல."

புதியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தனியா மடிச்சா அங்கதான்க்கா போகுது."

"அப்ப தனியா மடிக்காதே. அந்த முனையைப் பிடி."

மறுநாளிலிருந்து தன் கணக்கு வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, காலை முழுக்க புதியவர் எதிரே நின்றார் அக்கா. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தகராறு. எதிரே ஓர் ஆள் நடந்து வரும்போது செங்கல் மடிப்புக்கு வழியே இல்லை. முனைகள் சேரும்போதெல்லாம் புதியவர் தலை குனிந்துகொள்வார். என் மூஞ்சி அவ்வளவு மோசமா என்று கேட்பார் அக்கா. மற்றவர்களிடம் ஒரு வார்த்தை நியாயம் பேசவில்லை. முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள், புதியவரைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் இஸ்திரிக்காரர் எழுந்து வந்து அக்கா கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போய் உட்காருங்கக்கா. பாக்கவே கஷ்டமா இருக்கு."

அக்கா போய் உட்கார்ந்தார். இரண்டு ஆண்களும் துணி மூட்டை தீரும்வரை மடித்தார்கள்.

மாதக் கடைசியில் வார்டுகளிலிருந்து ஒரு புகாரும் இல்லை. புதியவரை நிரந்தரமாக்கிய காகிதம் வந்தது. அக்கா அதை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, அடுத்த மூட்டையை அவிழ்த்தபடி, இவரோடு இன்றைக்கு யார் மடிக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டார்.

மூன்று பேர் எழுந்தார்கள்.