போகாதவனுக்கு டீ பார்ட்டி

ராயபுரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு சின்னக் கல்லூரியில் நான் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பேராசிரியர் வகுப்பில் வாயால் சொன்னதை ஆய்வுக்கூடத்தில் பையன்களுக்குக் கையால் செய்துகாட்டுகிற உத்தியோகம். வேலையில் சேர்ந்து இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. நிரந்தரமெல்லாம் கிடையாது. காலையில் வரச் சொன்னவர்கள் சாயங்காலம் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கண் பார்வை மங்கிப்போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் அவரும் அம்மாவும் என் மனைவியும் நானும் இந்த ஒரு வேலையை நம்பித்தான் அடுப்பு மூட்டினோம்.

அந்தக் கல்லூரியில் எந்தச் செய்தியானாலும் வராந்தாவில் இருந்த நோட்டீஸ் பலகை வழியாகத்தான் வரும். பரீட்சைக்கு யார் மேற்பார்வை, என்றைக்கு லீவு, ஆய்வுக்கூடத்துக்கு எப்போது வெள்ளை அடிப்பார்கள், எல்லாம் அதில்தான். வாயால் சொல்லிக்கொள்கிற வழக்கமே கிடையாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டம் என்றாலும் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் மறு வேலை. வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். என் எரிச்சலை யார் கேட்டார்கள்?

நோட்டீஸில் யார் பெயரையும் போட மாட்டார்கள். ஒரு காலத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்கு எம்.ஏ. போட்டாய், எனக்கு ஏன் விட்டாய் என்று ரகளையாகி, அதற்குப் பிறகு உத்தியோகத்தை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டார்கள். தேதியும் கிடையாது. 'வெள்ளிக்கிழமை' என்று இருக்கும், அவ்வளவுதான்.

பலகைக்குப் பொறுப்பு ஒரு வயதான பியூன். அவர் ஒட்டியதை ஒருநாளும் கிழிக்க மாட்டார். பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எப்போதோ கிழித்ததற்கு அவருக்கு அபராதம் விழுந்ததாம். அன்றிலிருந்து பழைய நோட்டீஸ் மேலேயே புது நோட்டீஸ். கடல் காற்றின் ஈரமும் துறைமுகத்து நிலக்கரித் தூளும் பசையும் சேர்ந்து, பலகை ஒரு மெத்தை கனத்துக்கு உப்பிப்போயிருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை மழை சனி ஞாயிறு இரண்டு நாளும் விடாமல் பிடித்துக்கொண்டது. திங்கள்கிழமை காலை திருவொற்றியூரில் ரயில் ஏறி, நனைந்த வேட்டியோடு ராயபுரத்தில் இறங்கி, வராந்தாவில் குடையை மடக்கும்போது பலகையைப் பார்த்தேன். புதுக் கருக்கு மாறாமல் ஒரு நோட்டீஸ் இருந்தது. வழக்கம்போல் இங்கிலீஷில். கல்லூரியை விட்டுப் போகும் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஹாலில் ஸ்டாஃப் கிளப்பின் சார்பில் டீ பார்ட்டி, போட்டோ எடுக்கப்படும், எல்லோரும் வந்து சிறப்பிக்கவும்.

பௌதிகத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் நான் ஒருத்தன்தான். நான் எங்கே போகிறேன்? எனக்கே தெரியவில்லையே!

திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன தப்புச் செய்தேன்? போன மாதம் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தது. ஒரு பையனை முட்டாள் என்று திட்டினேன், அவன் மாமா எங்கேயோ பெரிய இடத்தில் இருப்பதாகக் கேள்வி. இரண்டும் இல்லையென்றால் வேறு என்ன? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரே பிரின்சிபாலிடம் போய்க் கேட்டிருக்கலாம். அவர் ஜூனில்தான் சீமையிலிருந்து வந்த துரை, நல்ல மனுஷர். ஆனால் எனக்கு ரோஷம் மூக்குக்கு மேல். போ என்றவனிடம் ஏன் என்று கேட்பது பிச்சை கேட்கிற மாதிரி என்று தோன்றிவிட்டது.

ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்சிப் என்று அடங்கினார்கள். எழவு வீட்டுக்குள் போனது போல் இருந்தது. கணக்கு வாத்தியார் ஒரு வருஷமாக என்னிடம் இரவல் வாங்கி வைத்திருந்த புத்தகத்தைப் பேசாமல் எடுத்து என் மேஜையில் வைத்தார். ரசாயனப் பேராசிரியர்தான் ஸ்டாஃப் கிளப்புக்குச் செகரட்டரி. அவர் என் தோளைத் தட்டினார்.

"மனசைத் தளர விடாதேப்பா. உனக்குக் கேசரி பிடிக்குமா, அல்வா பிடிக்குமா?"

என்னை வேலையை விட்டுத் துரத்துகிறார்கள், இந்த மனுஷருக்குக் கேசரியைப் பற்றிக் கவலை. எதுவானாலும் சரி என்றேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் பியூன் வந்தார்.

"இன்னா வாத்யாரே, போறீங்களாமே?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எங்க போறீங்க?"

"எனக்குத் தெரியாது."

"சொல்ல இஸ்டம் இல்லாட்டி வுடுங்க. எங்கனா போய் நல்லா இருங்க. போவும்போது லேப் சாவிய மட்டும் என் கைல குட்த்துட்டுப் போங்க." சொல்லிவிட்டு, அவருக்கும் மனத்தாங்கல் போலிருக்கிறது, விறுவிறுவென்று போய்விட்டார்.

வீட்டில் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. புதன்கிழமை சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி பிடித்துக்கொண்டாள். சொன்னேன்.

"யார் சொன்னாங்க?" என்றாள்.

"பலகையில ஒட்டியிருக்கு."

"பலகைல கீது சரி. யார்னா வாயால சொன்னாங்களா உங்களாண்ட?"

"அங்கே அப்படி வழக்கம் இல்லே."

"நல்லாக் கீதே உங்க காலேஜு. நீங்களாவது கேக்கறதுதானே?"

கேட்பதாம்! என் மானம் மரியாதை இவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அப்பா அம்மாவுக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அவள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்து மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாலில் மேஜைக்கு மேஜை வெள்ளைத் துணி. கேசரி, போண்டா, டீ. முதலில் போட்டோ. முன் வரிசையில் நடு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, ஆளுயர மாலையைப் போட்டு, வலது பக்கம் துரை, இடது பக்கம் செகரட்டரி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு என்னை மட்டும் சிரிக்கச் சொன்னார். சிரித்தேனா அழுதேனா தெரியாது.

அப்புறம் செகரட்டரியின் பிரசங்கம். இந்த இளைஞர் பொறுமையின் அவதாரம், இவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்த பியூன் இருமினார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேலை போனவன் ஊன்றிக்கொண்டு நடக்க வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றி சொல்ல எழுந்தேன். இங்கிலீஷில் அழகாக நான்கு வரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஆரம்பிக்கும்போது துரையின் முகம் கண்ணில் பட்டது. அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அனுப்புகிறவருக்கு என்ன அழுகை?

"ஐயா, என்னை ஏன் அனுப்புகிறீர்கள்? அதை மட்டும் சொல்லிவிடுங்கள், நான் போய்விடுகிறேன்" என்றேன்.

துரை விழித்தார். "நான் அனுப்புகிறேனா? நீங்கள்தானே எங்களை விட்டுப் போகிறீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செகரட்டரியிடம் மட்டும் சொன்னீர்களே என்று நான்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்."

"என்னிடமா?" என்று செகரட்டரி போண்டாவைக் கீழே வைத்துவிட்டுத் துரையைப் பார்த்தார். "நோட்டீஸ் போட்டது நீங்கள் அல்லவா? என்னைக் கேட்காமல் கிளப் பேரில் போட்டுவிட்டாரே என்று நான் அல்லவா வாயை மூடிக்கொண்டு கேசரிக்குச் சொன்னேன்!"

ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துரை எழுந்து வராந்தாவுக்கு நடந்தார். பின்னால் செகரட்டரி, கழுத்தில் மாலையும் கையில் தடியுமாக நான், எனக்குப் பின்னால் மொத்தக் கல்லூரியும். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீஸின் அடியில் இருந்த கிறுக்கலைப் பார்த்தார்.

"இது என் கையெழுத்து இல்லை. எனக்கு முன்னால் இருந்தவருடையது."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. எனக்கு முன்னால் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் கொழும்புக்கு வேலை கிடைத்துப் போனபோது ஒட்டிய நோட்டீஸ் அது. மழையில் ஊறி மேலே இருந்த காகிதமெல்லாம் மொத்தையாகக் கழன்று விழ, இது வெளியே வந்திருக்கிறது. இத்தனை நாள் உள்ளே பத்திரமாக இருந்ததால் புதுசு போலவே இருந்திருக்கிறது.

"விழுந்த காகிதத்தை என்னய்யா செய்தாய்?" என்று செகரட்டரி பியூன் மேல் பாய்ந்தார்.

"பெருக்கித் தள்ளிட்டேன் சார். எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியுமா? அல்லாரும் போறாரு போறாருன்னீங்க, நானும் போறாருன்னு நெனச்சிக்கினேன்."

ஹோவென்று ஒரு சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஐந்து நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கினால் சிரிப்பு வராதா? மாலையைக் கழற்றிப் பியூன் கழுத்தில் போட்டேன். துரை மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கள் இடம் காலி என்று நினைத்து, ஜூனில் மனுப் போட்டிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு உடனே வரும்படி தந்தி கொடுத்துவிட்டேன். இன்றைக்கு ரயில் ஏறுகிறார். நாளைக் காலையில் எழும்பூரில் இறங்குவார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வேலை உங்களுடையதுதான். அதில் சந்தேகம் இல்லை. அவருக்குத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை."

"நோட்டீஸ் போட்டுவிடலாம்" என்றார் செகரட்டரி. சத்தியமாகச் சொல்கிறேன், சிரிக்காமல் சொன்னார்.

பொறுமையின் அவதாரம் என்று அவரிடம் பட்டம் வாங்கி அரை மணி ஆகவில்லை. "ரயிலில் வருகிற மனுஷன் உங்கள் பலகையை எங்கேய்யா பார்ப்பான்?" என்று நான் கத்தின கத்தலில் வராந்தாவே அதிர்ந்தது. நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் எழும்பூரில் அவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. புதுக் கோட்டு, தகரப் பெட்டி, கையில் ஓர் ஓலைப்பெட்டி. என்ன யோசனையில் கிளம்பினேனோ, அந்தக் கைத்தடியும் என் கையிலேயே வந்திருந்தது. அதைப் பார்த்து என்னைப் பேராசிரியர் என்று எண்ணிவிட்டார்.

"காலேஜ்ல இருந்தா வாரிய அண்ணாச்சி? என்னக் கூட்டிட்டுப் போக நீங்களே வரணுமா?" என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

இந்த ஐந்து நாளும் ஏன் யாரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை என்பது அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் சொன்னேன். பலகை, மழை, கொழும்பு, கேசரி, தந்தி, ஒன்று விடாமல் நின்ற இடத்திலேயே சொன்னேன். முடித்ததும் அவர் ஓலைப்பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஊர்ல பள்ளிக்கூட வேலைய விட்டுட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. திரும்பச் சேப்பாகளோ என்னமோ." என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நானும் வேலய விட்டுத்தான போறேன். எனக்கு டீ பார்ட்டி கிடையாதா?"

இந்த வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் வாயில் வரவில்லை. வராது. காலடிப்பேட்டையில் நான்கு வயிறு இருந்தது.

வீட்டுக்கு அழைத்துப்போனேன். மனைவி இலை போட்டாள். அப்பா அவரைப் புது டெமான்ஸ்ட்ரேட்டர் என்று நினைத்துக்கொண்டு, துறைமுகத்துக் காற்று உடம்புக்கு ஆகாது, காதை மூடிக்கொண்டு போங்கள் என்று புத்தி சொன்னார். அவரும் சரி ஐயா என்று கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது ஓலைப்பெட்டியை என் மனைவியிடம் நீட்டினார். கருப்பட்டி. "பிரின்சிபாலுக்குன்னு அம்மா குடுத்துவிட்டா. நீங்க வச்சுக்கிடுங்க."

துரை கொடுத்தனுப்பிய வழிச்செலவை முதலில் வாங்கமாட்டேன் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். சாயங்கால ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கைத்தடியை நீட்டினேன். இது உங்களுக்குத்தான் சேர வேண்டியது என்றேன். அவர் அதை வாங்கிப் பூணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரயில் நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலுக்கு வெளியே அந்தத் தடி நீண்டது. இரண்டு மூன்று தடவை ஆட்டினார். போய்வருகிறேன் என்று ஆட்டினாரா, இருடா உன்னை என்று ஆட்டினாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.