இரண்டு கிலோவில் தொடங்கிய கோடு

நல்லூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் தெய்வாத்தாள் செக்கிங் பார்த்தாள். ஓட்டையும் கறையும் உள்ள பனியனைப் பிரித்துப் போடுகிற வேலை. பத்தாவது வரை படித்தவள், கணக்கில் புலி. நான் அங்கே நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினேன். இது நடக்கும்வரை அவளை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை, மடையன்.

1967ஆம் வருஷம். ஐம்பது கிலோ நூலுக்கு 480 பனியன் வந்திருந்தது. அப்படியானால் இருபது கிலோவுக்கு 192 வர வேண்டும் என்றார் முதலாளி ஆத்தப்பன். வந்தது 180. பத்துக் கிலோவுக்கு 96 வர வேண்டிய இடத்தில் 80தான். துணி வெட்டும் சலாவுதீனை எல்லோர் முன்பும் திருடன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டு வருஷம் கத்தரி பிடித்த மனுஷன் தலைகுனிந்து போனார். நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தெய்வாத்தாள் ஒரு கட்டத்தாளோடு வந்து முதலாளி மேஜையில் விரித்தாள். அடியில் குறுக்குவாட்டில் நூல் எடை, ஓரத்தில் நெடுக்குவாட்டில் பனியன் எண்ணிக்கை. பத்துக்கு எண்பது என்று ஒரு புள்ளி, ஐம்பதுக்கு 480 என்று இன்னொன்று. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாள். கோடு போட இரண்டு புள்ளி போதும், சரிதானா என்று பார்க்கத்தான் மூன்றாவது என்று சொல்லி, இருபதுக்கு 180ஐயும் வைத்தாள். அது கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. திருடுகிறவன் இப்படி ஸ்கேல் வைத்தா திருடுவான் என்று கேட்டாள். கோட்டைக் கீழே நீட்டினாள். அது பூஜ்யத்துக்குப் போகாமல் இரண்டு கிலோவில் தரை தட்டியது. ஆர்டர் பெரிதோ சிறிதோ, ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ நூல் பனியனாகாமல் எங்கோ போகிறது என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு ஆர்டருக்கு முன்பும் நாலு மெஷினுக்கும் எண்ணெய் விடுவோம். முதலில் இறங்கும் கறைத் துணியை வெட்டி, மெஷின் துடைக்கப் போட்டுவிடுவோம். அதை யாரும் எடை போட்டதே இல்லை. இதைச் சொன்னேன். சலாவுதீனுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று முதலாளி சீறினார்.

தெய்வாத்தாள் அசையவில்லை. "நாளைக்கு முப்பது கிலோ ஓடுதுங்க. கோட்டுப்படி இருநூத்தியெம்பது வருமுங்க. துணிய நீங்களே வெட்டுங்க. நாஞ் சொன்னது தப்புன்னா என்னையும் ஊட்டுக்கு அனுப்பிருங்க" என்றாள்.

அவள் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம்!

ஆத்தப்பன் தானே வெட்டினார். அவர் கணக்குக்கு 288 வர வேண்டும். தைத்து வந்ததை இரண்டு முறை எண்ணினார். 281. அவர் கையால் வெட்டியதிலேயே ஏழு குறைந்தது. சலாவுதீனை நாளைக்கு வரச் சொல்லிவிடலாம் என்று முனகினார்.

"திருடன்னு எல்லாரு முன்னாலதானுங்க சொன்னீங்க. இல்லைன்னும் அதே மாதிரி சொல்லோணுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

மறுநாள் காலை மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எங்கள் அத்தனை பேர் முன்பும் முதலாளி சலாவுதீனிடம் மன்னிப்புக் கேட்டார். சலாவுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தெய்வாத்தாள் ஒருத்தியால்தான் அவரை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது.