அப்பாவின் கோட்டும் அடுத்த வீட்டு அடுப்பும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அப்பாவிடம் படித்தவர்களுக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நல்லதை மட்டும் எழுது என்றார் சித்தப்பா. எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

அப்பா பிறந்தது நெற்குப்பையில். ஆறு வயதில் தகப்பனாரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டே படித்து, மதுரையில் உபாத்தியாயர் பயிற்சி முடித்து, சிங்கம்புணரியில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியாரானார்கள். எங்கள் அம்மாவைக் கைப்பிடித்ததும் அந்த வருஷந்தான். கணக்கும் இலக்கணமும் அப்பாவைப் போல் சொல்லிக் கொடுக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று மற்ற வாத்தியார்களே சொல்வார்கள்.

அப்பா ஒரு தவறும் செய்தார்கள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது செல்லாயி என்ற பெண் எங்களோடு படித்தாள். அவளுடைய தாயார் அழகம்மாள் தொண்டியிலிருந்து கருவாடு வரவழைத்துச் சந்தையில் விற்பவர். செல்லாயியின் பாவாடையில் வாடை அடிக்கிறது என்று சில பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். அவர்களுடைய பெற்றோரும் வந்து முறையிட்டார்கள். அப்பா அவளைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள். நான்கு நாள் அங்கே உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. அப்பா அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மறுவருஷம், ஜெர்மன் சண்டை முடிந்த சமயம், நாங்கள் குடியிருந்த வீட்டை உடையவர்களே கேட்டதால் காலி செய்யும்படி ஆயிற்று. சந்தைக்குப் பின்னால் ஒரே ஒரு வீடுதான் காலியாக இருந்தது. சைவக்காரர் யாரும் அங்கே குடிபோக மாட்டார்கள். அடுத்த வீடு அழகம்மாளுடையது. இரண்டு வீட்டுச் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்; அதுவும் கூரை வரை எழும்பவில்லை.

நாங்கள் சாமான் இறக்கும்போது அழகம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“எம்மகளத் தாவாரத்துல ஒக்கார வச்ச வாத்தியாரு நீங்கதானே? இப்ப இங்குட்டுக் குடி வந்திருக்கீக. இனி நீங்க எங்குட்டு ஒக்காருவீக?”

அம்மா முகம் சிவந்து உள்ளே போய்விட்டார்கள். அப்பா பாத்திர மூட்டையைக் கீழே வைத்தார்கள்.

“அது நான் செஞ்ச தப்பு. நாளைக்கு அனுப்பி வைங்க” என்றார்கள்.

மறுநாள் செல்லாயி வந்தாள். அப்பா அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூக்கைப் பிடித்த பிள்ளைகளுக்கு அன்று பாடம் முழுவதும் எழுந்து நிற்கும் தண்டனை.

அழகம்மாள் வீட்டில் குழம்பு கொதித்தால் புகை சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும். அப்பாவுக்கு இரண்டு வேட்டி, ஒரு கறுப்புக் கோட்டு. மழைக்காலத்தில் அவை சமையல்கட்டுக் கொடியில்தான் காய வேண்டும். அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார்கள். வெட்டிவேர் வைத்துப் பார்த்தார்கள். சாம்பிராணியும் கருவாடும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசம் வந்ததுதான் மிச்சம். கோயிலில் அப்பா நின்றால் பக்கத்தில் நிற்பவர் மெதுவாக நகர்ந்துகொள்வார். ஒரு கல்யாணத்தில் எங்கள் சொந்தத் தாய்மாமனே அப்பாவைப் பந்தியின் கடைசி இலைக்கு அனுப்பினார்.

இரண்டு வருஷம் கழித்து, காரைக்குடிக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய சைவப் பாடசாலைக்குத் தலைமை ஆசிரியராக அப்பாவை அழைத்தார்கள். இருக்க வீடும் தருவதாகச் சொன்னார்கள். அப்பா என்னையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். பாடசாலையை நடத்திய பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். அப்பாவின் எழுத்தைப் பார்த்து, “முத்து முத்தா இருக்கே!” என்று வியந்தார். பிறகு சற்று நெருங்கி உட்கார்ந்தவர், பேச்சை நிறுத்தினார்.

“வாத்தியாரய்யா, தப்பா நெனைக்காதீக. கோட்டுல கருவாட்டு வாடை வருது. எங்க வீட்டுலயே கவிச்சி உண்டு, நான் மறைக்கல. ஆனா சைவப் பாடசாலை வாத்தியாருக்கு அது ஆகாது. உங்க வீட்டுல பழக்கம் உண்டா?”

பக்கத்து வீட்டு அடுப்பு என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். நானே சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்கள்.

“எங்கிட்டப் படிக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேரு வீட்டுல அந்தப் பழக்கம் உண்டுங்க. எனக்கு இல்லைன்னு சொல்லி இந்த வேலைய வாங்கினா, அந்தப் பிள்ளைகளத் தாவாரத்துல ஒக்கார வச்சதாயிரும். அத ஒருதரம் செஞ்சுட்டேன். பாடத்துல என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன்.”

பெரியவர் பாடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதார்கள். “இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்? இந்தப் புகைக்குள்ள நாங்க கெடக்கணுமா?” என்று கேட்டார்கள். அப்பா கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்கள். அந்த மாதம் முழுவதும் அம்மா அப்பாவோடு பேசவில்லை. அப்பா கடைசி வரை பழைய பள்ளிக்கூடத்திலேயே, பழைய சம்பளத்திலேயே இருந்தார்கள்.

அப்பா இல்லையென்று சொல்லாததால் ஊர் அந்தப் பழக்கத்தை உண்மையென்றே வைத்துக்கொண்டது. எனக்கு வந்த இரண்டு வரன்கள், “கருவாட்டு வாத்தியார் வீட்டுப் பெண்ணா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அப்போது எனக்கு அப்பாமீது மிகுந்த கோபம். அது இன்றும் முழுவதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். பிறகு என் கணவர் வீட்டார் ஒன்றும் கேட்காமல் பெண் எடுத்தார்கள்.

இந்த மலரிலாவது அப்பா சுத்த சைவர் என்று ஒரு வரி போட்டுவிடு, ஊர் வாய் அடங்கட்டும் என்று தம்பி கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலை போகும் என்று தெரிந்தும் அப்பா சொல்லாததை, அவர்கள் இல்லாதபோது நான் சொல்வது முறையாகப் படவில்லை. அந்த வரி இதில் இல்லை.

கடைசி ஆறு மாதம் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி; கண்ணும் மங்கிவிட்டது. செல்லாயி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் வந்து பத்திரிகை படித்துக் காட்டுவாள். தப்பாகப் படித்தால் அப்பா படுத்தபடியே திருத்துவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மா கொடுத்த வெந்நீரைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

நேரம் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த மாணவர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் தங்கி அம்மாவைத் தேற்றிய அத்தைமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒரு வீட்டாருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்த சாயங்காலம், அம்மா சமையல்கட்டில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வெளியே வந்து, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அழகம்மாள் வீட்டுப் படியேறினார்கள். நானும் பின்னால் போனேன்.

“ஏன் அழகம்மா, தெனமும் அடுப்பு எரியுது, ஒரு வாடையுமே காணோமே?”

“சைவ வீட்டுல காரியம் நடக்கையில எப்படிம்மா வைக்கிறது? இந்தப் பதினாறு நாளும் பருப்புத்தான். பிள்ளைககிட்டயும் சொல்லிட்டேன்.”

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்கள்.

“அவுக இருந்தவரைக்கும் உன்னைய வைக்காதேன்னு சொன்னதில்ல. பிள்ளைக எதுக்கு வாயக் கட்டிக்கிட்டு இருக்கணும்? நாளைக்குக் கொழம்பு வை” என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் அழகம்மாள் வீட்டில் வைத்தார்கள்.